வாடைக்கு 05, சோளகத்துக்கு 23

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலைய ஓடுபாதையின் ஒரு முனையில் 05, மறுமுனையில் 23. திசைகாட்டிப் பாகையின் கடைசி இலக்கத்தை வெட்டிய எண்கள் இவை: 050 வடகிழக்கு, 230 தென்மேற்கு. மார்கழி வாடைக்காற்று வரும் திசையும் ஆடிச் சோளகக்காற்று வரும் திசையும் இவையேதான். சோளகக் காலத்தில் விமானம் 23ஐப் பிடிக்கக் கடற்பக்கமாக வந்து இறங்கும்.

காற்றை எதிர்த்து ஓடுவதில் எவ்வளவு இலாபம்? 200 கிமீ வேகத்தில் மேலெழும் விமானம் ஒன்றை எடுப்போம். சிறகுக்குத் தேவை காற்றுவேகம். எதிரே 30 கிமீ சோளகம் அடித்தால் சக்கரம் தரையில் 170 ஓடினால் போதும். ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு மாறுவதால், கால்வாசிக்கும் மேல் பாதை மிச்சம். பின்னாலிருந்து 20 கிமீ தள்ளினாலோ, ஐந்திலொரு பங்கு பாதை கூடுதலாக வேண்டும். கிழக்கிலிருந்து வீசும் கொண்டலும் மேற்கிலிருந்து வீசும் கச்சானும் பாதைக்கு 40 பாகை சரிவாக வரும்; அப்போது 30 கிமீ காற்றில் 23 எதிர்க்காற்றாக உதவும், 19 பக்கவாட்டில் தள்ளும். (செங்கோணத்தில் பிரிவதால், கூட்டினால் 30 வராது.)

வெயிலில் இலாபமே இல்லை. 15 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று 1.225 கிலோ; 35 பாகையில் ஏறக்குறைய 1.146 கிலோ. சிறகு, புரொப்பெல்லர், எஞ்சின் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் அடி. மாரியில் வேறு தொல்லை: பாதை ஈரமென்றால் இறங்குவதற்கான தூரக் கணக்கில் 15 வீதம் சேர்க்கவேண்டும்.

1947 டிசம்பர் 10 அன்று இலங்கை விமான நிறுவனமான எயார் சிலோனின் முதற் பறப்பு கொழும்புக்கு அருகே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (இதே பலாலி நிலையம்) வழியாகச் சென்னைக்குப் போனது, டிசி-3 விமானத்தில். 2019இல் சென்னைச் சேவை திரும்பியபோது வந்த ஏ.டி.ஆர். 72உம் புரொப்பெல்லர் விமானமே. குட்டைப் பாதைக்கு ஏற்றது. நிறைசுமையோடு 23 தொன் அளவில் நிற்கும்.

ஆனால் ஒவ்வொரு முறை மேலெழும்போதும் இரண்டு கணக்குப் பார்க்கவேண்டும். குறித்த ஒரு வேகத்துக்கு முன் எஞ்சின் ஒன்று நின்றால், மிச்சப் பாதைக்குள் நிறுத்த முடியவேண்டும். அதற்குப் பின் நின்றால், மற்ற எஞ்சினோடு மேலே போக முடியவேண்டும். இரண்டும் பாதைக்குள் அடங்காவிட்டால் எடையைக் குறைப்பதுதான் வழி. சென்னை 350 கிமீதான். என்றாலும் அங்கே இறங்க முடியாமற் போனால் மாற்று நிலையத்துக்கு ஓட எரிபொருள், அதற்கு மேல் 30 நிமிடம் வட்டமிட எரிபொருள் இருக்கவேண்டும். அதில் கைவைக்க முடியாது. சீட்டில் இருக்கும் ஆளை இறக்குவதும் இலகுவல்ல. மிஞ்சுவது சரக்கறைப் பொதிகள். கவுண்டரில் “உங்கட பெட்டி அடுத்த பிளேனில வரும்” என்று சொன்னால், பெரும்பாலும் அது அன்றைய வெயிலின் கணக்கு.