கிரேஸ் பீரியட்: சலுகைக் காலம் அல்ல, ஒழிவுக் காலம்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலில் கோப்பு முறைமை நிரலைப் படிக்கத் தொடங்கினால் 'கிரேஸ் பீரியட்' என்ற சொல் சீக்கிரமே எதிர்ப்படும். வங்கியும் காப்பீடும் பழக்கிய 'சலுகைக் காலம்' உடனே நாவில் வரும். அந்தச் சொல் இங்கே பொருந்தாது. பொருந்தாததோடு, தவறான நிரல் எழுதவும் வைக்கும்.

'கிரேஸ்' லத்தீன் 'கிராத்தியா'விலிருந்து வந்தது. தயவு, அருள் என்று பொருள். மாற்றுச் சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டிய நாளுக்குப் பிறகும் மூன்று நாள் விட்டுக்கொடுக்கும் வழக்கத்தை ஆங்கிலேயர் 'கிரேஸ் நாட்கள்' என்றார்கள். கொடுப்பவர் ஒருவர், அவர் குறித்த கெடு ஒன்று. வணிகத்தில் இந்தச் சொல் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

கெர்னலில் நடப்பது வேறு. கோப்புப் பாதையிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் நினைவகத்தில் டென்ட்ரி என்ற ஒரு பதிவு உண்டு. 2011-இல் வந்த 2.6.38 பதிப்பிலிருந்து, பாதையைத் தேடும் நிரல் பெரும்பாலும் பூட்டுப் போடாமல், பயன்படுத்துவோர் எண்ணிக்கையைக் கூட்டாமல் இவற்றைக் கடந்து போகிறது. செயலியின் ஒரு கோர் இப்படிப் படித்துக்கொண்டிருக்கையில் இன்னொரு கோர் அந்த டென்ட்ரியை விடுவித்து, அதே இடம் வேறு வேலைக்குப் போய்விட்டால்? படிப்பவர், அதாவது படிக்கும் நிரல், கையில் வைத்திருக்கும் சுட்டி (நினைவக முகவரி) குப்பையைக் காட்டும். மோசமான பாதுகாப்பு ஓட்டைகள் பல இந்த வழியாகத்தான் வந்திருக்கின்றன.

ஆகவே விடுவிப்பதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலில் பட்டியலிலிருந்து கழற்றுவது. இனி வருபவர் கண்ணில் அது படாது. பிறகு, கழற்றும்போது உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் படித்து முடிக்கும்வரை காத்திருப்பது. அதன்பின்தான் நினைவகம் விடுவிக்கப்படும். அந்த இடைவெளிதான் கிரேஸ் பீரியட். புதிதாக வருபவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள்; அதனால்தான் அது முடிவுக்கு வருகிறது.

இந்த முறையின் பெயர் ஆர்சியூ (ரீட்-காப்பி-அப்டேட்). 'படி, படியெடு, புதுப்பி' என்று அதை விரிக்கலாம். வாசிப்பதற்கும் நகலுக்கும் தமிழில் ஒரே 'படி' அமைந்தது எனக்குப் பிடித்த பொருத்தம். பால் மெக்கென்னியும் ஜான் ஸ்லிங்வைனும் 1998-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2002-இல் லினக்ஸுக்குள் வந்தது.

இங்கே யாரும் யாருக்கும் தயவு காட்டுவதில்லை. கெடுவும் கிடையாது. காலம் எப்போது முடியும் என்பதைப் படிப்பவர்களே தீர்மானிக்கிறார்கள். ஒருவர் நகராமல் நின்றால் அதுவும் நீளும். லினக்ஸ் வழக்கமாக 21 நொடிக்குப் பிறகு எச்சரிக்கை எழுதுமே தவிர, நினைவகத்தை விடுவித்துவிடாது. 'சலுகைக் காலம்' என்று மனத்தில் பதிந்தவர் 'சில நொடி பொறுத்து விடுவித்தால் போதும்' என்று எழுதிவிடுவார். பெரும்பாலும் அது ஓடும். எப்போதாவது கவிழும், அந்த எப்போதாவதைப் பிடிக்க மாதக்கணக்கு ஆகும்.

நான் முன்வைப்பது 'ஒழிவுக் காலம்'. வீட்டை ஒழித்துத் தா என்கிறோம், கை ஒழியவில்லை என்கிறோம். இருந்தவர் நீங்கி இடம் காலியாவதுதான் அந்த 'ஒழி'. இங்கே நடப்பதும் அதுவே. இன்று 'ஒழிப்பு' என்றால் அழிப்பு என்று காதில் விழுவது உண்மைதான். ஆனால் 'ஒழிவு' தன்வினையிலிருந்து பிறந்தது: தானே நீங்குவது, யாரும் துரத்துவதல்ல. 'காத்திருப்புக் காலம்' தவறில்லை. ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை அது சொல்வதில்லை.

பயன்படுத்திப் பார்க்கலாம்: "குறுக்கிணைப்பின் (இன்னொரு பாதையைச் சுட்டும் கோப்பின்) இலக்குப் பாதை எழுதப்பட்ட நினைவகத்தையும் ஒழிவுக் காலம் முடிந்தபின்தான் விடுவிக்க வேண்டும், பூட்டில்லாமல் தேடும் ஒருவர் அதைப் படித்துக்கொண்டிருக்கலாம்." இன்னொன்று: "கோப்பு முறைமை மாட்யூலைக் கழற்றுமுன், ஒழிவுக் காலத்துக்காக நிலுவையில் இருக்கும் ஐநோடு (கோப்பின் விவரப் பதிவு) விடுவிப்புகள் எல்லாம் நடந்து முடியட்டும், அதன்பிறகே ஐநோடு தேக்ககத்தைக் கலை."