புல்பென்: ஒரு பேஸ்பால் சொல்லின் கதை

நவம்பரில் பேஸ்பால் பருவம் முடிந்ததும் ரசிகர்கள் வாயில் ஒரே சொல் சுற்றிச் சுற்றி வரும்: புல்பென். "போன வருஷம் நம்மைக் கவிழ்த்ததே புல்பென்தான்" என்பார்கள். "இந்தக் குளிர்காலத்தில் புல்பென்னுக்கு இரண்டு பேர் வாங்கினால் போதும், கோப்பை நமக்குத்தான்" என்பார்கள். ஆட்டத்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியவருக்கு இது ஆளா, இடமா, பொருளா என்றே பிடிபடாது. இடத்துக்கும் அதுதான் பெயர், அங்கே இருக்கும் ஆட்களுக்கும் அதுதான் பெயர்.

முதலில் ஆட்களைப் பார்ப்போம். பந்தை எறிபவர் பிட்சர். ஆட்டத்தின் முதல் பந்தை எறியும் பிட்சர் ஸ்டார்ட்டர். ஆட்டத்துக்கு ஒன்பது சுற்று, ஒவ்வொன்றும் ஓர் இன்னிங்ஸ். ஸ்டார்ட்டர் ஐந்து, ஆறு இன்னிங்ஸ் எறிந்து சோர்ந்ததும் இன்னொருவர் வருவார். அவர் ரிலீவர். முன்னிலையைக் காப்பாற்றி ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்துக் கொடுப்பவர் குளோசர். வெளியே போன ஆட்டக்காரர் அதே ஆட்டத்தில் திரும்ப வர முடியாது என்பதால், யாரை எப்போது இறக்குவது என்பதே அணியை நடத்தும் மேனேஜரின் பெரிய தலைவலி. வட அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக் அணியின் 26 பேர் பட்டியலில் 13 பிட்சர்கள் வரை இருக்கலாம். ஸ்டார்ட்டர்கள் ஐந்தாறு பேர் போக மீதி ஏழெட்டுப் பேரைச் சேர்த்துச் சொல்வதுதான் புல்பென்.

இடம் என்று பார்த்தால், பெரும்பாலான மைதானங்களில் வெளிக்கள வேலிக்குப் பின்னால் அடைத்துவிட்ட ஒரு சின்னப் பகுதி அது. எறிமேடுகள், மட்டையாளர் நிற்குமிடத்தைக் காட்டும் ஹோம் பிளேட்டுகள், ஒரு பெஞ்சு, சுவரில் ஒரு தொலைபேசி. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் 2016 வரை புல்பென் ஆடுகளத்தின் ஓரத்திலேயே திறந்தவெளியாக இருந்தது. அடுத்த ஆண்டுதான் பார்வையாளர் வரிசைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் 1940இல் வலது பக்க வேலிக்கு முன்னால் புல்பென் கட்டியதற்குக் காரணமே வேறு. இடதுகை ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் அடிக்கும் பந்து சுலபமாக வேலியைத் தாண்டட்டும் என்று தூரத்தைக் குறைத்தார்கள். அந்தப் பகுதிக்கு வில்லியம்ஸ்பர்க் என்றே கேலிப்பெயர் விழுந்தது.

அந்தத் தொலைபேசியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2011 வேர்ல்ட் சீரிஸ் என்னும் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம், டெக்சஸில். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் மேனேஜர் டோனி லா ரூசா புல்பென்னைக் கூப்பிட்டு இடதுகை ஜெப்சின்ஸ்கியையும் குளோசர் ஜேசன் மாட்டையும் தயார்ப்படுத்தச் சொன்னார். கூட்டத்தின் கூச்சலில் மறுமுனையில் முதல் பெயர் மட்டும்தான் காதில் விழுந்தது. மாட் தயாராகாததால் எதிரணியின் வலதுகை மட்டையாளர் நப்போலிக்கு ஜெப்சின்ஸ்கியே எறிய வேண்டிவந்தது. இடதுகையால் எறியும் பந்து வலதுகையாளருக்குப் பொதுவாக வசதி. நப்போலி இரண்டு ரன் வரும்படி ஒரு டபுள், அதாவது இரண்டாம் தளம் வரை ஓடும் அடி, அடித்தார். லா ரூசா மறுபடி மாட்டைக் கேட்டால், அங்கே 'லின்' என்று கேட்டது. அன்றைக்கு ஓய்வில் இருந்திருக்க வேண்டிய லான்ஸ் லின் மேட்டை நோக்கி நடந்து வருவதைப் பார்த்து லா ரூசாவே திகைத்துப் போனார். ஆட்டம் போயிற்று. ஆனாலும் தொடரை கார்டினல்ஸ்தான் வென்றது, அது தனிக் கதை.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? 'புல்' காளை, 'பென்' பட்டி. காளையை அடைக்கும் பட்டி. அது பிட்சர்களுக்கு எப்படிப் பெயராயிற்று என்பதற்கு ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். பிரபலமானது புகையிலைக் கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மைதானங்களின் வேலிகளில் புல் டரம் புகையிலையின் பிரம்மாண்டமான காளை விளம்பரப் பலகைகள் நின்றன. அதன் நிழலில் பிட்சர்கள் கையைச் சூடேற்றினார்கள், அதனால் புல்பென் என்கிறது கதை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தேதி உதைக்கிறது. 1877இலேயே சின்சினாட்டி செய்தித்தாள் ஒன்று இந்தச் சொல்லை மைதானம் பற்றி எழுதும்போது பயன்படுத்தியிருக்கிறது. அங்கே அது பிட்சர்களைக் குறிக்கவில்லை. மலிவு விலைக்கு உள்ளே விட்டு ஓரமாக அடைத்து நிற்கவைத்த பார்வையாளர் பகுதியைக் குறித்தது.

கேசி ஸ்டெங்கல் என்ற மேனேஜர் பெயரில் இன்னொரு விளக்கம் உலவுகிறது: வேலையில்லாத பிட்சர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வெட்டிக்கதை அளந்ததால், தொல்லை தாங்காமல் தூரமாக அனுப்பிவிட்டார்களாம். வெட்டிப்பேச்சைக் குறிக்கவும் ஆங்கிலத்தில் காளையைத்தான் இழுப்பார்கள். ஸ்டெங்கல் நன்றாகக் கதை விடக்கூடியவர். அதற்கு மேல் இதைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம்.

எனக்கு நம்பத் தகுந்ததாகத் தெரிவது சிறைக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஆட்களைத் தற்காலிகமாக அடைத்துவைக்கும் இடத்துக்கே புல்பென் என்றுதான் பெயர். உள்நாட்டுப் போர்க் கைதிகளின் முகாம்களை அப்படிச் சொன்னார்கள். 1890களில் ஐடஹோ மாநிலத்தில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களைக் கூட்டமாக அடைத்த கொட்டகைகளையும் அப்படித்தான் அழைத்தார்கள். அடைத்துவைத்து, கூப்பிடும்வரை காக்கவைக்கும் இடம் என்ற பொருள் ஏற்கெனவே ஊன்றியிருக்கும்போது, அது மைதானத்துக்குள் நுழையப் புகையிலைப் பலகை தேவையே இல்லை. 1891இல்தான் ஆட்டத்தின் நடுவே ஆளை விருப்பம்போல் மாற்றலாம் என்ற விதி வந்தது. காத்திருக்கும் பிட்சர் என்று ஒருவர் உருவானதே அதற்கப்புறம்தான். 1910களில் சொல் அவரிடம் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்போதும் அது மரியாதையான இடமில்லை. நல்ல பிட்சர் ஒன்பது இன்னிங்ஸும் எறிவார், முடியாதவர் புல்பென்னில் கிடப்பார் என்பதே வழக்கம். அந்தக் காலத்து பிட்சர் சை யங் தன் வாழ்நாளில் 749 ஆட்டங்களைத் தொடங்கி முழுமையாக முடித்தார். இன்று அந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் உருவாக்கிய 'சேவ்' கணக்கு, முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்த ரிலீவரின் கணக்கு, 1969இல் அதிகாரபூர்வமானது. அதன்பிறகு ரிலீவருக்கும் சொல்லிக்கொள்ள ஓர் எண் கிடைத்தது, எண் வந்ததும் சம்பளமும் வந்தது.

குளிர்காலப் பேச்சுக்கு வருகிறேன். ரசிகர்கள் புல்பென்னைக் கடையில் வாங்கும் பொருள்போலப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாட்சிக்கு லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் ஒன்றே போதும். 2024 வேர்ல்ட் சீரிஸை வென்ற கையோடு அந்தக் குளிர்காலத்தில் இடதுகை டானர் ஸ்காட்டை நான்கு ஆண்டுக்கு 7.2 கோடி டாலருக்கு எடுத்தார்கள். கர்பி யேட்ஸுக்கு ஓர் ஆண்டுக்கு 1.3 கோடி. பிளேக் டிரைனனுக்கு இரண்டு ஆண்டுக்கு 2.2 கோடி. தாளில் பார்த்தால் அசைக்க முடியாத புல்பென். 2025இல் ஸ்காட் பத்து முறை முன்னிலையைக் கோட்டை விட்டார், யேட்ஸின் ஈஆர்ஏ ஐந்தைத் தாண்டியது. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு அது. நான்கைத் தாண்டினாலே குளோசரை மாற்று என்று ரசிகர்கள் கத்துவார்கள்.

இவர்கள் மோசமான பிட்சர்கள் இல்லை. ரிலீவர் ஒரு பருவத்தில் அறுபது, எழுபது இன்னிங்ஸ்தான் எறிகிறார். அவ்வளவு குறைந்த வேலையில் நான்கைந்து மோசமான இரவுகள் வந்தாலே ஆண்டுக் கணக்கு தலைகீழாகிவிடும், அதிர்ஷ்டம் கொஞ்சம் உதவினாலே நட்சத்திரமாகத் தெரிவார். அந்த எண்ணை நம்பி நான்கு ஆண்டு ஒப்பந்தம் போடுவது சூதாட்டம். கைக் காயங்கள் வேறு.

பருவத்தின் இறுதிச் சுற்றுகள் நடக்கும் அக்டோபரில் டாட்ஜர்ஸைக் காப்பாற்றியது யார்? தோள்பட்டை வலியால் மாதக்கணக்கில் வெளியே இருந்து செப்டம்பர் கடைசியில் திரும்பிய ரோக்கி சசாக்கி. ஸ்டார்ட்டராக வந்தவர், குளோசராக நின்றார். டொரொண்டோ புளூ ஜேஸுக்கு எதிரான வேர்ல்ட் சீரிஸின் மூன்றாவது ஆட்டம் சமநிலை உடையாமல் 18 இன்னிங்ஸ் ஓடியபோது, புல்பென்னில் எஞ்சியிருந்த கடைசி ஆள் வில் கிளைன். ஜூனில் யாரும் கவனிக்காத சின்ன மாற்றலில் சியாட்டிலிலிருந்து வந்தவர். 72 பந்துகள், நான்கு இன்னிங்ஸ், ஒரு ரன் கொடுக்கவில்லை. அவருக்குப் பிறகு எறிய ஆளில்லை என்பதால், இரண்டு நாளுக்கு முன்தான் முழு ஆட்டம் எறிந்திருந்த யொஷினோபு யாமமோட்டோ புல்பென்னில் கையைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். ஃப்ரெடி ஃப்ரீமன் பந்தை வேலிக்கு வெளியே ஹோம்ரனாக அடித்து ஆட்டத்தை முடித்ததால் அவர் தப்பித்தார். ஆனால் ஏழாவது ஆட்டத்தில் தப்பவில்லை. முந்தின இரவு 96 பந்து எறிந்த அதே யாமமோட்டோ, புல்பென்னிலிருந்து வந்து எட்டு பேரை அவுட்டாக்கி, 11ஆவது இன்னிங்ஸில் 5-4 என்று முடித்தார். பெரிய பணம் கொடுத்து வாங்கிய ஸ்காட் அந்த அக்டோபரில் ஒரு பந்துகூட எறியவில்லை. சிறு அறுவைச் சிகிச்சையால் பட்டியலிலேயே இல்லாமல் போனார்.

பழைய கதைகளும் இதையேதான் சொல்கின்றன. 652 சேவ்களோடு முதலிடத்தில் இருக்கும் மரியானோ ரிவேரா 1995இல் ஸ்டார்ட்டராகத்தான் அறிமுகமானார். டென்னிஸ் எக்கர்ஸ்லி 1978இல் ஸ்டார்ட்டராக 20 ஆட்டம் வென்றவர். 1987இல் ஓக்லண்டுக்குப் போனபிறகுதான் புல்பென்னுக்கு நகர்ந்தார். இருவரையும் அணிகள் குளோசராக விலைக்கு வாங்கவில்லை, குளோசராக ஆக்கின. ஆகவே குளிர்காலத்தில் பிட்சிங் தேவை என்று வந்தால், கூடுதலாக இரண்டு ஸ்டார்ட்டர்களை எடு, இளைஞர்களில் நான்கு பேரைப் பருவம் முழுக்க கீழ்நிலையான மைனர் லீக்குக்கும் மேலுக்குமாக மாற்றி மாற்றி முயன்று பார் என்பேன். டாட்ஜர்ஸ் கேட்கவில்லை. 2025 டிசம்பரில் எட்வின் டியாஸை மூன்று ஆண்டுக்கு 6.9 கோடி டாலருக்கு எடுத்தார்கள். ஆண்டுக் கணக்கில் எந்த ரிலீவரும் அதுவரை வாங்காத தொகை. டியாஸ் அபாரமான பிட்சர்தான், 2025இல் நியூயார்க் மெட்ஸுக்காக அவருடைய ஈஆர்ஏ 1.63. அவர்களிடம் காசு இருக்கிறது, தவறினாலும் தாங்கும். அதைப் பார்த்து மற்ற அணிகளும் கிளம்பினால்தான் வம்பு.

இனி தமிழ்ச்சொல். மாட்டுப்பட்டி, தொழுவம், கொட்டில் எல்லாம் நேர்ப்பொருள்கள்தான், ஆனால் பட்டியும் தொழுவமும் மாடு வந்து அடையும் இடங்கள். புல்பென்னில் முக்கியமானது அடைவதில்லை, கூப்பிட்டதும் ஒவ்வொருவராக வெளியே வருவது. அதற்குப் பொருத்தமானது வாடி. மரவாடி, மீன்வாடி என்று அடைப்பிடத்துக்கும் கிடங்குக்கும் வழங்கும் சொல், காளை ஒவ்வொன்றாக வெளியேறும் வாசலை வாடிவாசல் என்கிறோம். காளையும் அடைப்பும் ஒரே சொல்லில் நமக்கு நினைவுக்கு வருவது அதில்தான். பிட்சரை எறிவாளர் என்று வைத்துக்கொண்டால், இடம் எறிவாளர் வாடி. பேச்சில் வாடி என்றாலே போதும்.

ஆட்களைக் குறிக்க வேறு சொல் தேடத் தேவையில்லை. "ஊர் சிரித்தது" என்றால் சிரித்தது ஊரார் என்று தமிழருக்குச் சொல்லித்தர வேண்டாம், இலக்கணத்தில் அதற்கு இடவாகுபெயர் என்று பெயரே இருக்கிறது. "வாடி கவிழ்த்துவிட்டது" என்பதும் அப்படியே நடக்கும். தனி ஆளைச் சொல்லும்போது ரிலீவருக்கு மாற்று எறிவாளர் சரியாக வரும். குளோசருக்கு முடிப்பாளர் என்று சிலர் எழுதலாம், எனக்கு அது கணக்குப்பிள்ளை வேலைபோல ஒலிக்கிறது. குளோசர் குளோசராகவே இருக்கட்டும்.