சராயேவோவை நினைவூட்டும் மூக்கு

சூரிச்சில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பல ஆண்டுகளுக்கு முன் அண்ணனுடன் போஸ்னியாவின் தலைநகரான சராயேவோவுக்குப் போய்வந்தேன். அண்மையில் எங்கள் வீட்டருகே உள்ள பால்கன் உணவகத்தில் செவாப்பி சாப்பிட்டபோது, பாஷ்சார்ஷியா கடைவீதியின் சந்துகளும் அன்று பெய்த மழையும் அண்ணனின் சிரிப்பும் ஒருசேர நினைவுக்கு வந்தன. அங்கே எடுத்த புகைப்படங்களைப் பார்க்கும்போது இப்படி நேர்வதில்லையே, ஏன்?”

செவாப்பி என்பது அரைத்த மாட்டிறைச்சியை விரல் நீளத்துக்கு உருட்டிக் கரி அனலில் சுடும் உணவு. சோமுன் எனப்படும் தட்டை ரொட்டியைப் பிளந்து, இறைச்சியை உள்ளே அடுக்கி, நறுக்கிய பச்சை வெங்காயத்தோடு பரிமாறுவார்கள். பக்கத்தில் பாலாடையிலிருந்து செய்யும் கய்மாக்கும், சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாயை மசித்துக் கிளறிய அய்வாரும் இருக்கக்கூடும். இவற்றில் நாக்கு அறிவது உப்பு, இனிப்பு, புளிப்பு போன்ற அடிப்படைச் சுவைகளை மட்டுமே. இறைச்சியின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் வினைபுரிவதால் (1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் மயார் விளக்கிய வினை இது) உண்டாகும் எண்ணற்ற மண மூலக்கூறுகள், மென்று விழுங்கும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்குள் ஏறுகின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தால், ருசி என்று நாம் சொல்வதில் மூக்கின் பங்கு எவ்வளவு என்பது விளங்கிவிடும்.

இனி வருவதுதான் என்னை எப்போதும் வியக்கவைக்கும் பகுதி. மணத்தை உணரும் ஏற்பிகளுக்கான (மண மூலக்கூறுகள் வந்து பொருந்தும் புரதங்களுக்கான) மரபணுக்களை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 1991-இல் கண்டறிந்தார்கள். 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதர்களிடம் இயங்கும் ஏற்பி வகைகள் ஏறக்குறைய 400. மூக்கின் மேற்புறச் சவ்விலுள்ள ஒவ்வொரு நுகர்ச்சி நியூரானும் (நரம்பணுவும்) இவற்றில் ஒரே ஒரு வகையை மட்டும் தேர்ந்துகொள்கிறது. ஒரே வகை ஏற்பியைக் கொண்ட நியூரான்கள் சவ்வில் அங்கங்கே சிதறிக் கிடந்தாலும், அவற்றின் இழைகள் சல்லடை எலும்பின் துளைகள் வழியே மேலேறி, மூளையின் நுகர்ச்சிக் குமிழில் தங்கள் வகைக்கே உரிய குளோமெருலஸ் என்னும் நுண்முடிச்சுகளில் போய்ச் சேருகின்றன. தெருத்தெருவாகப் போட்ட கடிதங்கள் அஞ்சலகத்தில் ஊர்வாரியான அறைகளில் சேர்வதைப் போல. எந்தெந்த முடிச்சுகள் எந்த அளவுக்குத் தூண்டப்படுகின்றன என்ற கோலமே சுட்ட இறைச்சியின் மணமாகவும் அய்வாரின் மணமாகவும் நமக்குத் தெரிகிறது.

இந்த நியூரான்கள் நீண்ட நாள் வாழ்வதில்லை. வெளிக்காற்றுக்கு நேராக நிற்பதால் இவை சில வாரங்களிலோ மாதங்களிலோ மடிய, அடியிலுள்ள குருத்தணுக்களிலிருந்து புதியவை பிறந்து அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. அப்படிப் பிறக்கும் நியூரானும் தன் ஏற்பி வகைக்குரிய அதே முடிச்சைத் தேடிப்பிடித்து இழையை இணைத்துக்கொள்கிறது. சராயேவோவின் கரிப்புகையை அன்று நுகர்ந்த நியூரான்களில் பெரும்பாலானவை இன்று வாசகரின் மூக்கில் இருக்க வாய்ப்பில்லை. ஆயினும் முகவரிகள் மாறாததால் பழைய கோலம் அப்படியே எழுகிறது.

கோவிட் காலத்தில் மணம் இழந்தவர்களில் பெரும்பாலானோர் அதைத் திரும்பப் பெற்றதற்கும் இந்தப் புதுப்பிப்புத் திறன் கைகொடுத்தது. கிருமி முதன்மையாகத் தாக்கியது நியூரான்களைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களையே என்பது 2020-லேயே தெரியவந்ததற்குக் காரணம், அதற்கு முன் பல ஆண்டுகளாக நடந்த அடிப்படை ஆராய்ச்சிதான். உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே ஆராய்ச்சிக்குச் செலவிடும் நம் நாட்டில், “வாசனையை ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது” என்று கேட்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புகைப்படம் பற்றிய கேள்விக்கு வருவோம். கண்ணிலிருந்து வரும் செய்தி, புலன் செய்திகளுக்கு மூளையின் இடைநிலையமான தாலமஸைக் கடந்து, மூளையின் வெளியடுக்கில் பார்வைக்குரிய பகுதியான பார்வைப் புறணியில் பல படிகளில் அலசப்பட்ட பிறகே நினைவுப் பகுதிகளை எட்டுகிறது. மணமோ நுகர்ச்சிக் குமிழிலிருந்து, தாலமஸில் நிற்காமல், உணர்ச்சிக்குரிய அமிக்டலாவுக்கும் நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸின் வாசலாகிய புறணிக்கும் நேரே போகிறது. அதனால்தான் மணம் எழுப்பும் நினைவில் உணர்ச்சி மிகுந்திருக்கிறது. ஆனால் விவரங்கள் அதிகத் துல்லியமாக இருக்கும் என்று அதற்குப் பொருளில்லை. உணவகத்தின் செவாப்பி சராயேவோவில் செய்ததைப் போலவே இருக்கவேண்டிய தேவையும் இல்லை. கோலத்தின் ஒரு பகுதி கிடைத்தாலே, மூளை மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மணம் பல சூழல்களோடு இணையும்போது எந்த ஒரு சூழலையும் தனித்து எழுப்பும் வலிமையை இழக்கிறது. வாசகர் சராயேவோவில் செப்புக் குவளையில் வந்த காப்பியையும் குடித்திருப்பார். ஆனால் அந்த மணத்தின்மேல் சூரிச்சின் காலைப் பொழுதுகள் எத்தனையோ படிந்துவிட்டன. செவாப்பியின் மணம் இடைப்பட்ட ஆண்டுகளில் வேறெதனோடும் சேராமல் அந்த ஊருக்கு மட்டுமே உரியதாக இருந்திருக்கிறது. வாரந்தோறும் அந்த உணவகத்துக்குப் போகத் தொடங்கினால், அதே மணம் நாளடைவில் சராயேவோவை விட்டு உணவகத்தையே நினைவூட்டத் தொடங்கும்.