ரன்டைம்: இயக்கநேரமா, இயங்குசூழலா?

ஒரு சிறு கருவியின் தமிழ்க் கையேட்டில் அண்மையில் ‘இயக்க நேரத்தைப் புதுப்பிக்கவும்’ என்ற வரியைப் படித்தேன். கருவியின் கடிகாரத்தைச் சரிசெய்யச் சொல்கிறார்கள் என்றே எவரும் அதைப் புரிந்துகொள்வார். மின்சாரம் நின்றாலும் ஓடும் கடிகாரம் இல்லாத ராஸ்பெர்ரி பை 4 போன்ற சிறு கணினிப் பலகைகளில், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இணையத்திலிருந்து நேரத்தைப் பெற்று வைப்பது உண்மையாகவே ஒரு தனி வேலை. ஆகவே அப்படிப் புரிந்துகொண்டவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வரி சொல்ல வந்ததோ, கருவிக்குள் நிரல்களை ஓட்டுகிற மென்பொருள் அடுக்கைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும் என்பது. ‘ரன்டைம்’ என்ற சொல்லைப் பிளந்து, ‘ரன்’ என்றால் இயக்கம், ‘டைம்’ என்றால் நேரம் என்று ஒட்டியதால் வந்த குழப்பம் இது.

இச்சொல் ஆங்கிலத்திலும் முதலில் நேரத்தையே குறித்தது. துளையட்டைக் கட்டுகளைக் கணினிக்குக் கொடுத்து வேலைகளை ஒவ்வொன்றாக முடித்த காலத்தில், ஒரு நிரலை ஒருமுறை தொடங்கி முடிப்பதை ‘ரன்’ என்றார்கள். நிரலைத் தொகுக்கும் (எழுதியதை ஓட்டத்தக்க வடிவுக்கு மாற்றும்) வேளை ஒன்று, தொகுத்ததை ஓட்டும் வேளை மற்றொன்று என்று பிரித்துப் பேச வேண்டியிருந்ததால், பின்னதற்கு ‘ரன்டைம்’ என்ற பெயர் நின்றது. பிறகு, ஓடும் வேளையில் நிரலுக்குத் துணையாக உடனிருக்க வேண்டிய நிரல்தொகுதிகளை ‘ரன்டைம் நூலகம்’, ‘ரன்டைம் அமைப்பு’ என்று அழைத்தார்கள். சி மொழியில் நாம் எழுதும் ‘மெயின்’ என்னும் செயற்கூறுதான் நிரலின் தொடக்கம் என்று கற்கிறோம். ஆனால் அதற்கும் முன்பே நினைவகத்தை ஒழுங்குபடுத்தி, மெயினை அழைத்துவிடும் சிறு துண்டு ஒன்று உண்டு. அதன் வழக்கமான பெயர் ‘சிஆர்டி0’; அதிலுள்ள ஆர்டி என்ற எழுத்துகள் ரன்டைமையே குறிக்கின்றன. நாளடைவில் நூலகம், அமைப்பு என்ற பின்சொற்கள் உதிர்ந்துபோய், அடைமொழி மட்டும் பெயராக எஞ்சியது. இந்த உதிர்வைக் கவனிக்காமல் மொழிபெயர்த்தால், பொருளைக் குறிக்க வேண்டிய இடத்தில் காலத்தைக் குறித்துவிடுவோம்.

இந்த வேறுபாட்டைக் கண்கூடாகக் காட்டும் ஒன்று நெர்வ்ஸ் என்னும் சட்டகம் (பிரேம்வொர்க்). எலிக்சர் மொழியில் எழுதிய நிரலை, ஒரு சிறிய லினக்ஸ் கருவுடன் (கெர்னல்) சேர்த்து, கருவியில் அப்படியே பதிக்கத்தக்க முழு இயக்க அமைப்பாகக் கட்டித் தருவது அதன் பணி. எலிக்சர் ஓடுவது எர்லாங் என்ற மொழியின் மெய்நிகர் எந்திரத்தின் மேல்; அதாவது, நிரல்களை ஓட்டுகிற மென்பொருளின் மேல். எர்லாங்கோ 1986-இல் எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களை மனத்தில் வைத்துத் தொடங்கப்பெற்று, 1998-இல் திறமூலமாக வெளிவந்த மொழி. அதன் ரன்டைமும் நூலகங்களும் ஓடிபி என்ற பெயரில் ஒன்றாக வெளிவருகின்றன (வங்கி அனுப்பும் கடவுஎண் அன்று).

மேசைக்கணினியில் ஓடிபியின் ஒரு பெரும்பதிப்பும், கருவிக்கான அடிப்படைத் தொகுப்பில் வேறொரு பெரும்பதிப்பும் இருந்தால், நெர்வ்ஸ் தொகுப்பதற்கு மறுத்து, இரண்டு எண்களையும் திரையில் காட்டி நின்றுவிடும். தொகுக்கும் வேளையில் உருவாகும் இடைநிலைக் குறியீட்டை ஓடும் வேளையில் ஏற்க வேண்டிய அடுக்கு வேறொன்றாக இருந்துவிடக் கூடாது என்பதே காரணம். இங்கே சரிசெய்ய வேண்டியது எந்த நேரத்தையும் அன்று; ஓர் அடுக்கின் பதிப்பை.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலே அதன் பகுதிகளைப் புதியவற்றால் மாற்றுவது எர்லாங்கின் புகழ்பெற்ற திறன். ஆனால் அந்த நிரலைத் தாங்கும் மெய்நிகர் எந்திரத்தை மாற்ற வேண்டுமானால், அதை நிறுத்தித் திரும்பத் தொடங்கியே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் இவ்விரண்டு செய்திகளிலும் ‘ரன்டைம்’ என்ற ஒரே சொல் வரும். தமிழில் ‘இயக்கநேரத்தில் நிரலை மாற்றலாம், இயங்குசூழலை மாற்ற மறுதொடக்கம் வேண்டும்’ என்று எழுதினால் ஐயத்துக்கே இடமில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இரண்டு சொற்களும் நமக்கு வேண்டும் என்பேன்.

‘இயங்குசூழல்’ என்ற ஆக்கம் தமிழ் இயல்புக்கு நன்றாகப் பொருந்துகிறது. இயங்குதல் தன்வினை, இயக்குதல் பிறவினை; இங்கே இயங்குவது நிரல், அதைச் சூழ்ந்து நின்று தாங்குவது சூழல். ஆடுகளத்தில் களம் ஆடுவதில்லை, உறைவிடத்தில் இடம் உறைவதில்லை. அதுபோல நிரல் இயங்கும் சூழலே இயங்குசூழல். இது வினைத்தொகையாதலால் இடையில் வல்லினம் மிகாது. ‘இயங்குச்சூழல்’ என்று எழுதுவது பிழை. ‘இயங்குதளம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அச்சொல் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க அமைப்புகளுக்கு ஏற்கெனவே வழங்கிவிட்டதால், கருவி மென்பொருளைப் பற்றி எழுதும்போது அது மேலும் குழப்பும். ‘ஓடுநேரம்’ என்பது திரைப்படத்தின் நீளத்துக்கே விடத்தக்கது.

அடுத்து, ‘அப்டேட்’. புதுப்பித்தல் என்பது பழுதுபட்ட வீட்டுக்கும் காலாவதியான உரிமத்துக்கும் பொருந்தும் பொதுச்சொல். இன்றைய நிலைக்குக் கொண்டுவருதல் என்ற குறிப்பான பொருளுக்கு ‘இற்றைப்படுத்தல்’ என்பதையே நான் விரும்புகிறேன். அன்று என்பது அற்றை ஆவதுபோல இன்று என்பது இற்றை ஆகும். தந்தையை இழந்த பாரி மகளிர் பாடிய புறநானூற்று 112-ஆம் பாட்டில் ‘அற்றைத் திங்கள்’, ‘இற்றைத் திங்கள்’ என்று இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. அந்தக் கையறுநிலைப் பாட்டில் நாம் கேட்ட சொல் கருவியின் திரையிலும் வந்து நிற்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. தரத்தைக் கூட்டும் பெருமாற்றத்துக்கு ‘மேம்படுத்தல்’ இருக்கவே இருக்கிறது.

‘பிரேம்வொர்க்’ என்பதற்குச் சட்டகம் போதும். கட்டமைப்பு என்ற சொல் சாலை, மின்சாரம் பற்றிய பேச்சில் வேண்டிய அளவு உழைக்கிறது. ‘எம்பெடட்’ என்பதற்கு உட்பொதி என்று பலரும் எழுதுகிறார்கள், அதுவும் சரியே.

நெர்வ்ஸ் கருவிகளில் சேமிப்பகம் ‘ஏ’, ‘பி’ என இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒன்றிலிருந்து கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் புதிய தொகுப்பு முழுவதும் எழுதப்பட்டு, அடுத்த தொடக்கம் அதிலிருந்து நிகழும். நிரல், இயங்குசூழல், லினக்ஸ் கரு மூன்றும் சேர்ந்தே மாறும். பயனரின் தரவு தனிப் பகுதியில் இருப்பதால் அதற்குச் சேதமில்லை. இதையறிந்து அந்தக் கையேட்டு வரியை எழுதினால், அது இப்படி அமையும்: ‘இயங்குசூழலை இற்றைப்படுத்துக. முடிந்ததும் கருவி தானாக மறுதொடங்கும். உங்கள் தரவு அழியாது.’