உச்சி வெயிலில் காணாமல் போகும் சிக்னல்

வால்பாறைப் பக்கம் கேம்பர் வேனில் தங்கி வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "காலையில் நெட் நன்றாக ஓடுகிறது. பதினொரு மணிக்கு மேல் வேனுக்குள் சுத்தமாகச் செத்துவிடுகிறது. சாயங்காலம் தானாகத் திரும்பி வருகிறது. வெயிலுக்கு சிக்னல் குறையுமா சார்?"

குறையாது. செல்போன் அலைகள் வெயிலைக் கண்டுகொள்வதில்லை. வெயில் ஏறியதும் வேனில் என்ன செய்வீர்கள் என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். "ஜன்னலுக்கெல்லாம் வெள்ளி ஸ்கிரீன் மாட்டுவோம்." அதான் விஷயம்.

வேன் ஒரு தகரப் பெட்டி. ஃபாரடே கூண்டு பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். உலோகம் சூழ்ந்த இடத்துக்குள் ரேடியோ அலை எளிதில் நுழையாது. ஜன்னல்தான் வழி. 4ஜி ஓடும் 850 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 35 செ.மீ.; 2300 மெகாஹெர்ட்ஸில் 13 செ.மீ. வேன் ஜன்னல் அதைவிடப் பெரிது, அதனால் கண்ணாடி வழியே வந்துவிடும். அலுமினியம் பூசிய ஸ்கிரீனை அதில் மாட்டினால் வெப்பத்தோடு சேர்த்து சிக்னலையும் வெளியே நிறுத்திவிடுவோம். டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் துணித் திரை போடச் சொன்னேன்.

அவர் அதோடு விடவில்லை. சிம் போடும் ரவுட்டர் ஒன்றும், வேன் கூரையில் வைக்க ஆன்டெனாவும் வாங்கினார். நல்ல காரியம்தான். தகரத்துக்கு வெளியே சிக்னலைப் பிடித்து, உள்ளே வைஃபையாகக் கொடுப்பதுதான் சரியான வழி. அப்புறம் வந்தது அடுத்த கேள்வி: "வாங்கிய ஆன்டெனா பெட்டிக்குள் இரண்டு ஆன்டெனா இருக்கிறது. எதற்கு இரண்டு? ஒன்று கெட்டால் இன்னொன்றா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

டவர் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், இரண்டு வெவ்வேறு தகவல்களை அனுப்புகிறது. x, y என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் காற்றில் கலந்துதான் வரும். முதல் ஆன்டெனா காதில் விழுவது 3x + 2y = 14. இரண்டாவது ஆன்டெனா சற்றுத் தள்ளி, வேறு கோணத்தில் இருக்கிறது. பாறையிலும் எஸ்டேட் கட்டடத்திலும் பட்டுத் தெறித்த அலைகள் அங்கே வேறு விகிதத்தில் வந்து சேர்கின்றன. அதற்குக் கேட்பது x + 4y = 8. ஒன்பதாம் வகுப்பு ஒருங்கமை சமன்பாடுதான். x = 4, y = 1. ஒரே அலைவரிசையில் இரண்டு மடங்கு தகவல் இறங்கிவிட்டது! அந்த 3, 2, 1, 4 என்ற எண்கள் ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? இரு தரப்புக்கும் முன்பே தெரிந்த ஒரு மாதிரி சிக்னலை டவர் மில்லிசெகண்டுக்கு மில்லிசெகண்டு இடையில் செருகிக்கொண்டே இருக்கிறது. அது எவ்வளவு மாறி வந்திருக்கிறது என்று பார்த்து ரவுட்டர் கணக்குப் போட்டுக்கொள்ளும். (நிஜத்தில் இவை கலப்பெண்கள். விடுங்கள்.)

இப்போது இரண்டு ஆன்டெனாவையும் ஒட்டி ஒட்டி, ஒரே கோணத்தில் வையுங்கள். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே சமன்பாடுதான் கிடைக்கும்: 3x + 2y = 14, 3.1x + 2y = 14.4. இதையும் தீர்க்கலாம். ஆனால் காற்றில் இரைச்சல் உண்டே. 14.4 என்பது 14.5 ஆகக் கேட்டுவிட்டால் x = 5 என்று வரும், y மைனஸ் 0.5 ஆகிவிடும். முதல் ஜோடியில் அதே 0.1 பிழையைப் போட்டுப் பாருங்கள்: 8 என்பது 8.1 ஆனாலும் x = 3.98. அசையவே இல்லை. எனக்கு இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் அலுப்பதில்லை.

தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பியவர்களுக்குத் தெரியும், தெறித்து வரும் அலை எவ்வளவு பெரிய தொல்லை என்று. செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் ஆவி மாதிரி நிற்பார். அந்தத் தொல்லையைத்தான் இங்கே மூலதனமாக்கியிருக்கிறார்கள்.

மைமோ எனப்படும் இந்த உத்தியை 1992இல் முன்வைத்தவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். பொள்ளாச்சியில் பிறந்தவர். வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே இருக்கும் அதே பொள்ளாச்சி. இந்தியக் கடற்படையில், ஒலியை வைத்து நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் சோனார் கருவியை உருவாக்கியவர். கடலுக்கடியில் பல காதுகளை வைத்து ஒலிகளைப் பிரித்தெடுப்பதும் இதற்கு உறவுக்காரக் கணக்குதான். பிறகு ஸ்டான்ஃபோர்டு போனார். 1994இல் அங்கே பேராசிரியராக இருந்த தாமஸ் கைலாத்தோடு சேர்ந்து காப்புரிமை, 2014இல் மார்க்கோனி பரிசு. ஒரு கடற்படை அதிகாரியை ஐஐடி டெல்லிக்குப் படிக்க அனுப்பிய செலவு இருபது வருஷம் கழித்து எங்கே போய்ப் பலன் தந்தது பாருங்கள். மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட ஆராய்ச்சிக்கு ஒதுக்காமல், "இதனால் உடனே என்ன லாபம்" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

சிக்னல் கூட்டும் ஸ்டிக்கர் என்று ஒன்று விற்கிறார்கள். திருஷ்டிப் பொட்டு போல போன் முதுகில் ஒட்டிக்கொள்ளலாம், பலனும் அவ்வளவுதான். பூஸ்டர் பெட்டி வேறு கதை. அது வேலை செய்யும், ஆனால் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவரையே குழப்பும். உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே சட்டவிரோதம்.

வாசகர் தன் கூரையைப் படம் எடுத்து அனுப்பினார். இரண்டு ஆன்டெனாவும் ஸ்டாண்டில் செருகிய ஊதுபத்தி மாதிரி பக்கத்தில் பக்கத்தில், நேராக. முப்பது சென்டிமீட்டர் தள்ளி வைத்து, ஒன்றை இடப்பக்கம் 45 டிகிரி, மற்றதை வலப்பக்கம் 45 டிகிரி சாய்க்கச் சொன்னேன். டவரில் தொங்கும் நீளப் பெட்டிக்குள்ளும் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் இப்படிக் குறுக்கே சாய்ந்துதான் இருக்கும். தெறிக்கப் பாறையோ கட்டடமோ இல்லாத வெட்டவெளியில் இந்தச் சாய்வுதான் இரண்டு சமன்பாடுகளையும் வேறுபடுத்தும். திரையில் தெரியும் சிக்னல் கட்டைகளை எண்ண வேண்டாம், ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் எஸ்ஐஎன்ஆர் என்ற எண்ணைப் பாருங்கள் என்றேன். சிக்னல் இரைச்சலை எவ்வளவு மீறி நிற்கிறது என்று சொல்வது அதுதான். 20 என்றால் ராஜபோகம், 0 என்றால் தடுமாற்றம்.

இன்னொரு படத்தில் அலமாரிக்குள் மெல்லிய கேபிள் பத்து மீட்டர் சுருட்டி வைத்திருந்தது. 3 டெசிபெல் போனால் சக்தியில் பாதி போயிற்று. இந்த மாதிரி கேபிளில் ஐந்து மீட்டரிலேயே அது போய்விடும். கூரையில் கஷ்டப்பட்டுப் பிடித்ததை அலமாரியில் சூடாக்கிக்கொண்டிருந்தார். ரவுட்டரைக் கூரைக்குக் கீழேயே ஒட்டிவிட்டு ஒரு மீட்டர் கேபிள் போட்டார். மிச்சத்தைத் தூக்கிப்போட மனசு வரவில்லையாம். வேனுக்கும் சில்வர் ஓக் மரத்துக்கும் நடுவே கட்டி, துணி காயப் போடுகிறார்.