ஜியாகோமெட்டி ஏன் ஒரே விளிம்பைப் பலமுறை வரைந்தார்?

சுவிட்சர்லாந்துச் சிற்பியும் ஓவியருமான அல்பெர்ட்டோ ஜியாகோமெட்டி பென்சிலில் வரைந்த முகங்களில் மூக்குக்கான கோடு எது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. ஒன்று நெற்றியிலிருந்து இறங்கி, கண்குழியைச் சுற்றிவிட்டுக் கன்னத்துக்குப் போகிறது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், அத்தனையும் சேர்ந்து கனமான ஒரு தலை ஆகிவிடுகிறது.

இதைத் தடுமாற்றம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அதை அளவெடுப்பு என்பேன். உடம்பில் கோடு என்று ஒன்று கிடையாது. கன்னம் வளைந்து பின்னால் போய் நம் கண்ணுக்கு மறையும் இடத்தைத்தான் விளிம்பு என்கிறோம். வரைபவர் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே அந்த இடம் நகர்ந்துவிடும். இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும்கூட அது ஒரே இடத்தில் இல்லை.

பார்வையும் துண்டு துண்டாகத்தான் வருகிறது. கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு பரப்பைத்தான் கண் மிகக் கூர்மையாகப் பார்க்கிறது. அதனால் அது நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை இடம் தாவுகிறது. மோவாயைப் பார்த்துவிட்டு வந்தால், முதலில் போட்ட நெற்றி சற்று உயர்ந்துவிட்டது தெரியும். சரி, பழைய கோட்டை அழித்துவிடலாமே? அழித்தால் எவ்வளவு தவறியது என்பதும் போய்விடும். புதிய கோட்டுக்கு அளவுகோலே அந்தப் பழைய கோடுதான்.

இதற்குப் பென்சில் நன்றாக ஒத்துழைக்கிறது. பென்சிலின் கருமுனையிலுள்ள கிராஃபைட்டின் கரிம அடுக்குகள் எளிதில் வழுக்கி விலகுபவை. தாளின் சொரசொரப்பு அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. லேசாக அழுத்தினால் தாளின் மேடுகளில் மட்டும் கருமை ஒட்டும், அழுத்த அழுத்தப் பள்ளங்களும் நிறையும். ஆக முதலில் மெல்லிய சாம்பல் கோடுகளில் தேடலாம், நம்பிக்கை வந்த இடத்தில் கருமையாக்கலாம்.

ஜியாகோமெட்டி ரப்பரையும் வரையும் கருவியாகவே பிடித்தார். கோடுகளின் குறுக்கே அதை இழுத்தால் வெளிச்சக் கீற்றுபோல ஒரு வெளிர்ந்த பட்டை விழும். அடியிலிருந்த கோடு முழுதாக மறையாது, மங்கலாகப் பின்னுக்குப் போகும். அப்புறம் அதன்மேல் மறுபடி பென்சில்.

பழகிய முகமானால் கோடு குறையும் என்று தோன்றலாம். தம்பி தியேகோவின் தலையை அவர் முதன்முதலில் சிற்பமாக்கியது 1914-இல், 13 வயதில். 1960-களிலும் அதே தம்பி அவர் முன் உட்கார்ந்தார். அப்போதும் கோடுகள் குறையவில்லை.