தாய்லாந்திடம் 0–10, தாய்லாந்தை 2–1: நடுவில் நடந்தது என்ன?

இந்தியப் பெண்கள் கால்பந்து அணி எங்காவது தோற்றால் போதும், "நம்ம பொண்ணுங்களுக்கு அந்த உடல்வாகு இல்ல மிஸ்" என்று என்னிடம் சொல்ல நான்கு பேர் வந்துவிடுவார்கள். பெற்றோர் சொல்வார்கள், சக ஆசிரியர்களும் சொல்வார்கள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்துகொண்டு மாலையில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவள் நான். இந்தப் பேச்சை நான் ஏற்பதே இல்லை. அணியின் சர்வதேசக் கணக்கை வருட வாரியாக எடுத்துப் பாருங்கள். நல்ல ஆட்டங்கள் கிடைத்ததா இல்லையா என்பதுதான் அதில் தெரியும்.

1980-ல் ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப் (இன்றைய மகளிர் ஆசியக் கோப்பை) நம் பக்கத்துக் கோழிக்கோட்டில் நடந்தது. இந்தியா இறுதி ஆட்டம் வரை போய், சீன தைபேயிடம் தோற்று இரண்டாம் இடம் பிடித்தது. 1981-ல் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983-ல் பாங்காக்கில் மறுபடியும் இறுதி ஆட்டம், தாய்லாந்திடம் 0–2 தோல்வி. அன்றைக்கு ஆசியாவில் முதல் இரண்டு மூன்று இடத்தில் இருந்தது இதே நாட்டுப் பெண்கள்தான். உடல்வாகு அப்போது மட்டும் எங்கிருந்து வந்தது?

அதன் பிறகு தாய்லாந்து 2015, 2019 என இரண்டு உலகக் கோப்பை ஆடிவிட்டது. நம் அணி ஆசியக் கோப்பையின் பிரதான சுற்றில் 2003-க்கு அப்புறம் பல ஆண்டுகள் தலைகாட்டவே இல்லை. 2009-ல் இன்னும் மோசம். 18 மாதங்களுக்கு மேல் ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடவில்லை என்று ஃபிஃபா தரவரிசையிலிருந்தே பெயர் எடுக்கப்பட்டது. ஆடாத அணிக்குத் தரவரிசை ஏது?

தெற்காசியாவில் மட்டும் நம்மை அசைக்க முடியவில்லை. தெற்காசிய சாம்பியன்ஷிப்பான சாஃப் கோப்பை 2010, 2012, 2014, 2016, 2019 என முதல் ஐந்து முறையும் நமக்கே. தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 2010, 2016, 2019 என மூன்று தங்கம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் பயிற்சியாளராக எனக்கு இந்தப் பட்டியல் கொஞ்சம் கவலையும் தருகிறது. 2014 இன்சியோன் ஆசிய விளையாட்டில் மாலத்தீவை 15–0 என்று அடித்த அதே அணி, தென்கொரியாவிடம் 0–10, தாய்லாந்திடமும் 0–10 என்று தோற்றது.

எளிதான ஆட்டத்தில் ஒரு டிஃபெண்டர் என்ன செய்வாள்? பந்து வரும், காலடியில் நிறுத்துவாள், நிமிர்ந்து பார்ப்பாள், பாஸ் போடுவாள். அவளை யாரும் நெருங்கமாட்டார்கள். அதே பிள்ளை பலமான அணியோடு ஆடினால் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பந்து போய்விடும். பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். உடம்பைப் பாதி திருப்பி நின்று, எதிராளிக்கு எட்டாத காலில் வாங்க வேண்டும். இதைப் பயிற்சியில் நூறு முறை சொல்லலாம், பந்தைப் பறிகொடுக்கிற ஆட்டங்கள் சிலவற்றை ஆடினால்தான் படியும். மண்டல அளவில் எட்டு கோல் அடித்துவிட்டு மாநிலப் போட்டியில் திணறும் பள்ளி அணிகளிடம் நான் பார்ப்பதும் இதைத்தான்.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. ஈரானோடு 0–0. அடுத்த ஆட்டத்துக்குள் கொரோனா பரவி, குறைந்தது வேண்டிய 13 பேரைக்கூடத் திரட்ட முடியாமல் போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது. சீன தைபே, சீனா என்று எதிரே காத்திருந்த ஆட்டங்கள் கைநழுவின. அந்த செப்டம்பரில் காத்மாண்டு சாஃப் போட்டியில் வங்கதேசம் நம்மை 3–0 என்று வென்றது, அரையிறுதியில் நேபாளம் வெளியேற்றியது. 2024-லும் அரையிறுதியில் நேபாளமே, பெனால்டி ஷூட் அவுட்டில். இரண்டு முறையும் கோப்பை வங்கதேசத்துக்குப் போனது. அங்கே தொடக்கப் பள்ளி அளவிலேயே சிறுமிகளுக்கு நாடு தழுவிய கால்பந்துப் போட்டி நடத்துகிறார்கள். மைமன்சிங் பக்கம் கல்சிந்தூர் என்ற கிராமத்தின் அரசுப் பள்ளியிலிருந்து மட்டும் எத்தனையோ பேர் தேசிய அணிக்குப் போயிருக்கிறார்கள்.

இங்கேயும் மாற்றம் வந்தது. இந்திய மகளிர் லீக் 2016–17-ல் தொடங்கியது, 2023–24 முதல் சொந்த ஊர், வெளியூர் என்று மாறி மாறி ஆடும் லீக்காகவே நடக்கிறது. 2025 ஜூலை 5, தாய்லாந்தின் சியாங் மாய். ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் மங்கோலியாவை 13–0, திமோர் லெஸ்தேவை 4–0, ஈராக்கை 5–0 என்று வென்றுவிட்டு, கடைசி ஆட்டத்தில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே சந்தித்தோம். முதல் பாதியில் சங்கீதா பாஸ்ஃபோர் கோல். இடைவேளை முடிந்ததும் தாய்லாந்து சமன் செய்தது. பின்னர் மறுபடியும் சங்கீதா. 2–1. தகுதிச்சுற்றில் வென்று இந்தியா ஆசியக் கோப்பைக்குள் போனது அதுவே முதல்முறை. அன்று இரவு எங்கள் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழு தூங்கவே இல்லை.

சரி, இதில் பெற்றோருக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. எங்கள் மைதானத்தில் ஒன்பதாம் வகுப்பு வரை பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். "டென்த் முடியட்டும் மிஸ், அப்புறம் பார்க்கலாம்" என்று நிறுத்துவார்கள். அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு. ஆட்டம் மெருகேறும் வயதான 14-லிருந்து 17 வரை அப்படியே போய்விடும். முழுதாக நிறுத்தாதீர்கள். பொதுத்தேர்வு ஆண்டில்கூட வாரம் இரண்டு மாலையும் ஞாயிறு ஒரு ஆட்டமும் போதும். வேலைக்கு உதவாது என்று நினைக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்திலும் ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார். தமிழ்நாடு 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன், மதுரையின் சேது எஃப்சி 2019-ல் மகளிர் லீக் சாம்பியன்.

"ஓடினால் மூச்சு வாங்குது" என்று பிள்ளை சொன்னால் உடல்வாகு என்று விட்டுவிடாமல் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பையிலேயே வைத்திருக்கும் பிள்ளைகள் அதிகம். அதைச் சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள். அரைக்கால் சட்டை போடக் கூச்சம் என்றால் உள்ளே அதே நிறத்தில் லெகிங்ஸ் போட்டு ஆடலாம், விதியில் இடம் இருக்கிறது.

ஜூனில் பள்ளி திறந்ததும் உங்கள் பெண்ணின் உடற்கல்வி ஆசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மண்டலப் போட்டிக்குப் பெண்கள் அணியின் பெயர் கொடுத்தாயிற்றா? இந்த ஆண்டு அவர்களுக்கு எத்தனை ஆட்டம்?